கணையத்துக்குள் நீலம்

"அய்யோ... கொல்றாளே... என் பொண்டாட்டி என்னைக் கொல்றாளே!"

அலறல் அறைக் கதவைத் தாண்டி வராண்டா முழுக்கக் கேட்டது.

கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி. அவளை ஒட்டி ஒரு பெண் போலீஸ்.

குடல் டாக்டர் வேகமாக உள்ளே வந்தாள். எதையும் லேசில் நம்பமாட்டாள். ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. நல்ல பெயர்தானே என்று விட்டுவிட்டாள்.

கான்ட்ராக்டரின் தம்பி படபடத்தான். "சாப்பாட்டுல விஷம் வைக்கிறா டாக்டர். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல அண்ணன் சுருண்டு விழறார். சமையல் ரூம்ல எலி மருந்து பாட்டிலே கிடைச்சிருக்கு."

கூடவே நின்ற இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "வெறும் பாட்டில் போதாது. நீங்க விஷம்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மாவை இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ரத்தத்துல விஷம் இல்லையே சார். வயித்து மேல வச்சு எடுத்த ஸ்கேன்லயும் வாயு மறைச்சு ஒண்ணும் தெரியல."

"கொஞ்சம் கொஞ்சமா வச்சா ரத்தத்துல தெரியாதாமே?" என்றான் தம்பி.

"யார் சொன்னது?"

"அண்ணன்தான்."

சந்தேகத்துக்கு மூக்கில் வியர்த்தது.

நேராக பெஞ்சுக்குப் போனாள். மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதுவும் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

"புருஷன் உள்ள துடிக்கிறார். நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க."

"அழுதா நடிக்கிறேங்கறாங்க. அழலைன்னா கல்நெஞ்சுக்காரிங்கறாங்க. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்க டாக்டர், அப்படியே இருக்கேன்."

"வீட்டுல சண்டையா?"

"விவாகரத்து கேட்டார். முடியாதுன்னுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா, சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல என் பொண்ணு தனியா நிப்பா. அதுக்கு மட்டும் வழி சொல்லுங்க."

டாக்டர் அதையும் சந்தேகப்பட்டாள். இவளுக்கும் புருஷன் மேல் கோபம் இருக்கத்தானே செய்யும்... ஒரு தாய் பொய் சொல்லமாட்டாள் என்று யார் சொன்னது?

திரும்பி கட்டிலுக்கு வந்தாள்.

"வாய் வழியா ஒரு குழாய் விடுவோம். நுனியில கேமரா இருக்கும், பக்கத்துலயே அல்ட்ராசவுண்டும் இருக்கும்."

கேமரா வரைக்கும்தான் கான்ட்ராக்டரின் காதில் விழுந்தது. "இரைப்பையில விஷம் இருந்தா தெரிஞ்சிடுமில்ல?"

"தெரியலாம். இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது வைத்தியம் பாத்தீங்களா? குழாய் கிழாய் விட்டாங்களா?"

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை டாக்டர். தாராளமா பாருங்க."

மயக்க மருந்து ஏறியது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தவரின் வாய்க்குள் கறுப்புக் குழாய் இறங்கியது. இன்ஸ்பெக்டர் ஒரு பச்சை கவுனை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

இரைப்பை சுத்தம். புண்கூட இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இனிமேதான் சார் ஆரம்பம். இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒரு உறுப்பு ஒளிஞ்சிருக்கு. வெளியிலேருந்து தேடினா லேசுல சிக்காது. உள்ள போய், சுவரோரமா நின்னு ஒட்டுக்கேக்கணும்."

அல்ட்ராசவுண்டைத் தட்டினாள்.

திரையில் கணையம். சீராக இருக்கவேண்டிய சதை முழுக்க வெள்ளைக் கீற்றுகள். நடுநடுவே கற்கள். நடுக்குழாய் கோணல்மாணலாக வீங்கிக் கிடந்தது.

"விஷமா?"

"இல்ல. கணையத்துல நாள்பட்ட அழற்சி. இந்தக் கல்லெல்லாம் சேர வருஷக்கணக்குல ஆகும்."

"அப்ப அந்தம்மா மேல தப்பில்லையா?"

"பொறுங்க..."

கணையக் குழாய்க்குள் பளிச்சென்று இரண்டு கோடுகள். தண்டவாளம் மாதிரி நேர்க்கோடுகள்!

கறுப்புக் குழாயைச் சிறுகுடலின் தொடக்கம் வரைக்கும் தள்ளினாள். கேமராவில்...

நீலம்.

சிவந்த சதையிலிருந்து எட்டிப் பார்க்கும் நீலப் பிளாஸ்டிக். உடம்புக்குள் நீலம் தானாக முளைக்காது.

"ஸ்டென்ட் சார்" என்றாள் டாக்டர். "இந்த வியாதிக்கு இவர் ஏற்கெனவே வைத்தியம் பாத்திருக்கார். வலி குறையணும்னு கணையத்துல இந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாயை வச்சிருக்காங்க. சில மாசத்துல மாத்தியாகணும். மாத்தல. அடைச்சுக்கிச்சு. சாப்பிட்டதும் கணையத்துல சுரக்கிற நீர் வெளியேற வழியில்லாம முட்டுது. அதான் இந்த அலறல்."

"அவருக்கே தெரியாம வச்சிருப்பாங்களோ?"

"வைக்கும்போது தூங்கியிருப்பார். ஆனா வியாதி என்ன, எப்ப திரும்பி வரணும்னு சொல்லாம எந்த டாக்டரும் வீட்டுக்கு அனுப்பமாட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன் போகல?"

"போனா வலி நின்னுடும். வலி நின்னா விஷம் வச்சாங்கன்னு யார்கிட்ட சொல்றது?"

இன்ஸ்பெக்டர் விடுவிடுவென்று வராண்டாவுக்கு வந்தார். தம்பியின் தோளில் கை வைத்தார்.

"எலி மருந்து பாட்டிலை எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"அண்ணன்தான் சார்... மாவு டப்பாவுக்குப் பின்னாடி பாருடான்னு..."

தம்பிக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

"அவருக்கு வலி வந்ததே அவரோட வியாதியால" என்றார் இன்ஸ்பெக்டர். "அது அவருக்கும் நல்லாத் தெரியும். அந்தம்மாவை ஜெயில்ல தள்ளிட்டா விவாகரத்து சுலபம். பாட்டிலை வச்சதும் அவர், எடுக்கச் சொன்னதும் அவர்."

"அண்ணி..." என்றான் தம்பி. காலையிலிருந்து அவள் அவனுக்கு வெறும் 'அவ'.

பெண் போலீஸ் எழுந்து தள்ளி நின்றாள். அத்தனை நேரம் கல்லாக இருந்த மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ஸ்கூல் வாசலுக்கு அவளே போகலாம்.

உள்ளே மயக்கம் தெளிந்தது. கான்ட்ராக்டர் இமைகளைப் பிரித்தார். கட்டிலைச் சுற்றி டாக்டர், இன்ஸ்பெக்டர், தம்பி, மனைவி.

"டாக்டர்... விஷத்தைக் கண்டுபிடிச்சீங்களா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கண்டுபிடிச்சாச்சு. இப்பத்தான் கண்ணு முழிச்சுது."