நிமிர்ந்து நிற்கிற உயரம்

மருமகள் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தபோது காலை மணி ஏழேகால். தாளில் இருந்தது அத்தையின் கோணல்மாணலான கையெழுத்து. மூன்று வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே எத்தனை அடி உயரம், கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே...

"சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு அத்தை. என்ன இது?"

அத்தை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் திரும்பினாள். இனி மறைத்துப் பயனில்லை. ஒரு வண்டி வாங்கி, அதிலேயே குடியிருந்து, இருக்கிற காலம் வரைக்கும் ஊர் ஊராகப் போகப் போவதாகச் சொன்னாள். பேத்தி பள்ளிக்கூடம் சேரட்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தாளாம்.

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். லேசில் பதறமாட்டாள். அன்று அவளும் பதறினாள். ஞாயிறு தவறாமல் அத்தை தன் கொழுந்தன் வீட்டுக்குப் போவது தன்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் என்று அவள் பல மாதமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன குறை வச்சேன் அத்தை? மாமியாரைத் தெருவுல விட்டவள்னு நாலு பேர் என்னைப் பேசணுமா?"

"உன்னால இல்லம்மா..."

"பின்ன யாரால?"

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அத்தையின் கணவர் முதலில் சிரித்தார். பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் என்பவள் வண்டியில் குடித்தனம் பண்ணப் போகிறாளா என்று கேட்டார். விளையாட்டில்லை என்று புரிந்ததும் முகம் மாறியது.

"முப்பத்தோரு வருஷம் லாரி கேபின்ல காலை மடக்கிப் படுத்தவன் நான். என்னைக்குடா நம்ம வீட்டுக் கட்டில்ல காலை நீட்டுவோம்னு ஏங்கிக் கிடந்தவன். என்னால வர முடியாது. போறதுன்னா நீ போ."

அவர் ஏக்கத்தில் என்ன தப்பு? அவளுக்கும் அதே முப்பத்தோரு வருஷம்தான். அவர் எங்கெங்கோ நிறுத்திவிட்டுப் போன் போடுவார். எதிரே ஆறு கடலில் சேருகிறது, கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு, மலையில் பாதிக்கு மேல் மேகம் என்று சொல்வார். ஒரு கையில் மாமனாரின் மருந்து, ஒரு காதில் அந்தக் கடல். போனை வைத்த பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

அந்த மூன்று வண்டிகளையும் அவள் கொழுந்தனோடு போய் ஏறி இறங்கிப் பார்த்திருந்தாள். அவன் மெக்கானிக். ஒன்பது வயதிலிருந்து அவள் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன். முதல் வண்டி ஒரு சின்ன வேன். எஞ்சின் தங்கம், டீசல் குறைவாகக் குடிக்கும் என்றான். உள்ளே போனாள், தலை இடித்தது. "வேண்டாம் தம்பி. குனிஞ்சு இருந்த வரைக்கும் போதும்" என்று இறங்கிவிட்டாள். அடுத்தது பழைய பள்ளிப் பேருந்து. உள்ளே நின்ற மாத்திரத்தில், மகனுக்கு இங்கே, மருமகளுக்கு இங்கே, விருந்தாளி வந்தால் அங்கே என்று மனம் தானாகப் பாய் விரிக்கத் தொடங்கியது. இவ்வளவு இடம் இருந்தால் வீடே பின்னால் ஏறி வந்துவிடும் என்று சொன்னபோது கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்றாவது, ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதனை செய்த வண்டி. ஏறப் பின்னால் படி, மூலையில் கை கழுவும் தொட்டி, இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல். அவள் நடுவில் நிமிர்ந்து நின்று கைகளை மேலே தூக்கினாள். கூரையில் விரல் நுனி மட்டும் பட்டது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். தையல் தைத்துச் சேர்த்த பணத்தை அந்த வண்டிக்குத்தான் கொடுப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

வீட்டில் நடந்த சண்டையைக் கேள்விப்பட்டுக் கொழுந்தன் அன்று மாலையே வந்தான். அண்ணன் மறுபடியும் அந்தக் குமட்டல் கதையைத் தொடங்கியதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, வேண்டாம்" என்றாள் அவள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி? அண்ணே, அவங்களுக்குக் குமட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ லாரியில கூட வான்னு கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் துணியை மடிச்சுப் பையில வைப்பாங்க. அம்மா என்னை இழுத்து முன்னாடி நிறுத்தி, நீ போயிட்டா இவனை யாரு பார்ப்பா, படுத்துக் கிடக்கிறவரை யாரு பார்ப்பான்னு அழும். அண்ணி பையைப் பிரிச்சுடுவாங்க. அம்மாவை நீ கோவிச்சுக்கக் கூடாதுன்னு உன்கிட்ட வாந்தி வருதுன்னு சொல்லிடுவாங்க. நான் கூடவே நின்னு பார்த்தவன்... ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தாங்கன்னு நெனச்சீங்க? வண்டி ஓட்டக் கத்துக்க. லைசென்ஸ் எடுத்தாச்சு."

மருமகள் மெல்ல அத்தையின் பக்கம் வந்து நின்றாள். தன்னோடு வரப் பிடிக்காமல்தான் மனைவி சாக்குச் சொல்கிறாள் என்று எண்ணி, ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே நிறுத்தியவர் கணவர். எழுந்து கொல்லைப் பக்கம் போனார். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாள் அவள் அந்த வண்டியை வாங்கி, அதற்கு அலமாரி அடிக்கக் கொழுந்தனின் பட்டறைக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே தங்கினாள். மூன்றாம் நாள் காலை பட்டறை வாசலில் அவர் நின்றார். சவரம் செய்யாத முகம். வண்டியைச் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஏறி, கட்டிலைக் குறுக்கே போடாதே, நீளவாக்கில் போடு, அப்போதுதான் காலை நீட்ட முடியும் என்றார். அவள் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"ரெண்டு நாள் அந்தக் கட்டில்ல படுத்துப் பார்த்தேன். நீ இல்லாத வீடு லாரி கேபின் மாதிரிதான் இருக்கு... சேர்த்துக்குவியா?"

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையைப் பிரித்த எந்த நாளிலும் அவள் அழுததில்லை.

புறப்பட்ட காலையில் மருமகள் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தாள். அலமாரியில் மாத்திரைகளை வேளைவாரியாக அடுக்கி, பேர் எழுதி ஒட்டினாள். பிறகு அத்தையைக் கட்டிக்கொண்டு, "ஏதேதோ நெனச்சுட்டேன் அத்தை... நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல" என்று விசும்பினாள்.

"இனிமே சொல்றேன்டா" என்று அவள் மருமகளின் தலையைத் தடவினாள்.

அவள் ஸ்டியரிங் பிடித்தாள். கணவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். ஊர் எல்லை தாண்டியதும் சாலை இரு பக்கமும் திறந்துகொண்டது. அவர் வெளியே பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வயசுல நீ என் லாரியில இப்படிப் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்" என்றார்.

ஆமாம், உட்கார்ந்திருக்கலாம். அந்த முப்பது வயதுக்காரி எங்கோ இன்னும் துணியை மடித்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்காக இவளுக்குக் கண் கலங்கியது. எதிரே ஏற்றம் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரை மாற்றினாள்.