கண்ணாடிப் பக்கம்

"நீதான் கொன்னே!"

"நானா? நீ போட்ட தீனியாலதான்..."

"என் தீனியை அது தொடவே இல்லை! நீதான் தட்டித் தட்டிப் பயமுறுத்தி..."

"ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா? ஒருத்தர் கழுத்துல கத்தி வெச்சிருக்கேன்!" என்றார் அப்பா.

நாற்காலியில் இருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பாத்துண்ணே! மீனோட நானும் போயிடப் போறேன்."

அப்பாவின் முடிவெட்டும் கடையில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. அதில் இரண்டே மீன்கள். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. வண்ணத்துப்பூச்சி மீன்கள் என்று பெயர். எங்கே போனாலும் ஜோடியாகவே போகும். இன்று காலை அதில் ஒன்று செத்து மிதந்தது.

மிச்சமிருந்த மீன், கடைச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்த பக்கமாகவே நின்றது. நகரவே இல்லை.

"அழகு பாக்குது பாரு!" என்று சிரித்தான் அண்ணன்.

தங்கை குட்டி சிரிக்கவில்லை. "அழகு பாக்கலைடா. கண்ணாடியில இன்னொண்ணு தெரியுதுல்ல? அதை விட்டு வர மாட்டேங்குது."

அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மீன் நகர்ந்தது. பிளாஸ்டிக் பவளத்தை ஒரு கொத்து கொத்தியது. திரும்பக் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. தீனி மேலே அப்படியே மிதந்தது.

குட்டி தெருமுனை மீன் கடைக்கு ஓடினாள்.

"மாமா, எங்க மீன் பிளாஸ்டிக்கைக் கொத்துது. கடல்ல அது என்ன சாப்பிடும்?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உயிருள்ள பவளம்தான், பாப்பா. வேற எதையும் தொடாது. போகப் போகத் தீனிக்குப் பழகிடும்னு நெனச்சுக் குடுத்துட்டேன்."

"அப்போ இதுவும் செத்துடுமா?"

"ஊர்ல பெரிய மீன் காட்சிசாலை இருக்கே, அங்க பவளம் வளர்க்கறாங்க. கேட்டுப் பாக்குறேன்."

காட்சிசாலைக்காரர்கள் மீனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்; ஆனால் கொடுக்க அப்பாவுக்கு மனசே இல்லை. "அதைப் பாத்துக்கிட்டுதானே பொடிசுங்க அழாம முடி வெட்டிக்குதுங்க! இனிமே கடையே அழுகையா இருக்குமேம்மா."

"அதுக்கும் பசிக்குதுப்பா. அழத்தான் தெரியலை."

அப்பா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, வரச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் கடைக்காரர் மீனைத் தண்ணீர்ப் பையில் பிடித்தார். காட்சிசாலை வண்டி வரை பையைச் சுமந்தது அண்ணன்தான்.

"ஆட்டாதே!" என்றாள் குட்டி.

"ஆட்டலைடி. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்."

வண்டி போன பிறகு மூவரும் கடைக்குள் வந்தார்கள். அப்பா தொட்டி விளக்கை அணைத்தார். விளக்குமாற்றை எடுத்து, தரையில் கிடந்த முடியைக் கூட்டத் தொடங்கினார்.

சுவர்க் கண்ணாடியில் இப்போது வெறும் தண்ணீர் தெரிந்தது.

"அப்பா, அங்கேயும் இந்த மாதிரி முகம் பாக்குற கண்ணாடி இருக்குமா?" என்று கேட்டாள் குட்டி.