கரும்பலகையில் ஒரு நாக்கு

“இந்தப் பொண்ணு மூக்கு யாரு மூக்குடி?”

விடிந்தும் விடியாமலும் மாமியார் ரத்தினம்மா கேட்ட கேள்வியில் யசோதாவின் கை அடுப்பருகே அப்படியே நின்றுவிட்டது.

எல்லைத் தகராறில் புத்தூர் மதராசுக்கா, ஆந்திராவுக்கா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். அது போதாதென்று, வள்ளி யாருக்குப் பிறந்தாள் என்ற வழக்கு அந்த வீட்டுக்குள் நடந்தது. வழக்கைக் கிளப்பியவர் பெற்ற தகப்பன், விஞ்ஞான ஆசிரியர் கோவர்த்தனன். திருப்பதியில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து அவருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது. அந்தப் பயிற்சிக்காக மனைவியின் வளையல்கள் போனது மட்டும்தான் மறந்துபோயிற்று.

நாக்கைக் குழல்போல் மடிப்பது பரம்பரையாக வருமாம். வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் பார்த்து எழுதி வரச் சொல்லி, எல்லோர் கணக்கையும் பலகையில் ஏற்றினார். தாய் தகப்பன் இருவருக்கும் மடியாவிட்டால் பிள்ளைக்கும் மடியக் கூடாது. எல்லா வீடும் அவர் சொன்னபடி கேட்டது, அவர் வீட்டைத் தவிர! அதே வகுப்பில் படித்த வள்ளி, தாய் தகப்பன் இருவருக்கும் மடியாது என்று எழுதி வந்தாள்; அவளுக்கு மடிந்தது. அன்றிலிருந்து மகளின் முகத்தைச் செல்லாக்காசைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மனைவியிடம் பேச்சில்லை.

“நைனா என்னாண்ட பேசவே மாட்டறாரும்மா... நாக்க மடிச்சது தப்பா?” வள்ளி விசும்பினாள்.

“என்னப் பத்தி இன்னாடி எழுதின?”

“உனுக்கு மடியாதுன்னு... ஆயாதான் சொல்லிச்சு.”

“ஆமா, சொன்னேன்!” ரத்தினம்மா சீறினாள். “பெரியவங்க கீற வூட்ல மருமவ நாக்க நீட்டுவாளா? இல்லன்னு எழுதுன்னேன்.”

யசோதா திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் செய்யாததை அன்று செய்தாள். நாக்கை நீட்டினாள். இரு ஓரமும் எழும்பி வெற்றிலைச் சுருளாய் மடிந்தது.

திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த கோவர்த்தனன் முகம் மலர்ந்தது. “அப்போ விதி தப்பல!”

“விதியா...? என் மானம் பலகையில தொங்கிக்கினு கீதே, அது தெரியலியா உங்களுக்கு?” கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “எழுதின எடத்துலயே வந்து தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா வள்ளியக் கூட்டிக்கினு நாகலாபுரத்துக்கு, எங்க அம்மா வூட்டுக்குப் பூடுவேன்!”

பள்ளிக்கூட வாசலில் அவள் நின்றாள். உள்ளே கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு வந்த அளவுக்கு வார்த்தை வரவில்லை.

“வள்ளியோட அம்மாவக் கேக்காமலே எழுதிட்டோம். தப்பு... என்னுது.”

கடைசி பெஞ்சிலிருந்து பாலையா எழுந்தான். “சார், எங்கம்மாவயும் யாரும் கேக்கல. நைனாவே சொல்லிட்டாரு.”

“எங்கம்மாவயுந்தான் சார்...”

பெஞ்சு பெஞ்சாகக் கைகள் உயர்ந்தன. கோவர்த்தனன் பலகையைப் பார்த்தார். அவருடைய மகத்தான விஞ்ஞானத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. மேலிருந்து கீழ்வரை துடைத்தார். சுண்ணக்கட்டியோடு வாசலுக்கு வந்தார்.

“யசோதா... உனுக்கு நாக்கு மடியுமா?”

“மடியுங்க...” என்றவள், ஓடிவந்த வள்ளியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.