கம்பி மேல ஒரு கை

பட்டப்பகல்ல, ஜன்னல் வெயில் காலடியில விழுந்துட்டு இருக்கும்போது, அசையக்கூட முடியாம பயந்து நின்னிருக்கீங்களா?

நான் நின்னிருக்கேன். கையில டீ கிளாஸோட.

ராத்திரியப் பத்தி எனக்குப் பயம் கிடையாது. ராத்திரி எனக்கு வேலை நேரம். ஒரு பேக்கரியில மாவு பிசையிற மெஷின் பக்கத்துல நிப்பேன். ஊரு வேலைக்குக் கிளம்புற நேரத்துல நான் படுக்கக் கிளம்புவேன். அங்க என் பேரு யாரு வாயிலயும் நுழையாது, "மூணாம் மெஷின்"னு கூப்பிடுவாங்க. நம்ம மொழியில ஒரு வார்த்தை பேசாம நாலு நாள் சேர்ந்தாப்புல ஓடியிருக்கு. குளிக்கும்போது நானே எனக்குக் கதை சொல்லிக்குவேன், குரல் இருக்கான்னு பாக்க.

அப்படி இருந்தவனை ஒரு நாள் பஸ்ல ஒருத்தன் தோள்ல தட்டினான்.

"தலைவா, அந்தப் பையில இருக்கிறது பேஸ் கிட்டாரா? இல்ல, துப்பாக்கியா?"

தமிழ். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பேஸ்தான்னேன். "அப்ப எறங்காத, என் கூட வா"ன்னான். அவன் டிரம்ஸ் வாசிக்கிறவன். பேண்ட்ல அவனுக்குப் பேரு டமாரம். வாயும் அப்படித்தான்.

அவன் கூட்டிட்டுப் போன வீடு மூணாவது மாடி. கதவைத் திறந்தது பாடுற அக்கா. அவங்கதான் பேண்டுக்கே தலை. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன்.

"சொந்தமா ஆம்ப் இருக்கா தம்பி?"

"இல்லக்கா. வீட்ல கம்பிச் சத்தத்தை மட்டும் கேட்டுத்தான் பழகுறேன்."

அவங்க மூலைக்குப் போய் ஒரு துண்டை விலக்கினாங்க. சின்ன ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குற பெட்டி. ஒரு ரொட்டி டிரே அளவுதான். மேல கைப்பிடி, முன்னால வலை, ஒரு பக்கம் அஞ்சாறு திருகு. பஸ்ல மடியில வச்சுக்கலாம். வீட்ல ஹெட்போன் போட்டுப் பழகலாம், மேடையில அதுலேர்ந்தே ஒரு ஒயரை ஹால் ஸ்பீக்கருக்கு இழுத்துடலாம். எனக்கு வாயில எச்சில் ஊறிடுச்சு.

துண்டுலேர்ந்து வலித் தைல வாசனை குப்புன்னு வந்துச்சு.

"எங்க வீட்டுக்காரரோடது"ன்னாங்க. "அவரு போய் ரெண்டு வருஷம் ஆகுது. விரல் வலிக்கு இந்தத் தைலத்தைத்தான் தேய்ச்சுக்குவாரு."

வால்யூம் திருகு பக்கத்துல செவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி இருந்துச்சு.

"இது என்னக்கா?"

"என் குரலோட அளவு. அந்தப் புள்ளிக்கு மேல ஆம்ப் போகாது, அதுக்கு மேல நானும் பாடக்கூடாது. அவரு வச்ச புள்ளி." சிரிச்சாங்க. கண்ணு மட்டும் சிரிக்கல.

ஆம்ப்பை வாங்கிக்கிட்டு இறங்கி வரும்போது டமாரம் குரலைத் தாழ்த்திட்டான். அவன் குரல் தாழும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"உனக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. முதல் ஆளு ஒரு வாரம். ரெண்டாவது ஆளு நாலு நாள். மூணாவது ஆளு உஷாரு, சொந்த ஆம்ப் கொண்டு வந்தான். மேடையில வச்சுட்டு ஓடினவன்தான், இன்னும் எடுக்க வரல. என் குடோன்லதான் கெடக்கு."

"ஏன் ஓடினாங்க?"

"பேஸ் செத்துடும்பா. ரெண்டாவது சரணத்துல. ஒயர், கம்பி எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பேஸ் நின்னா நாங்களும் நின்னுடுவோம். அது எங்க பழக்கம்."

அந்தப் பழக்கத்தை அவன் விளக்கினான். வேற எந்த பேண்ட்லயும் நான் அப்படிக் கேள்விப்பட்டதில்ல. அங்க பாட்டை முடிக்கிறது பாடுறவங்க இல்ல, பேஸ் வாசிச்ச அக்கா வீட்டுக்காரரு, எல்லாருக்கும் மாமா. உள்ளங்கையை நாலு கம்பி மேலயும் வைப்பாரு. சத்தம் அடங்கும். உடனே எல்லாரும் நிறுத்திடணும், பாட்டு எங்க இருந்தாலும் சரி. பதினாறு வருஷம்.

"மனுஷனுக்கு மூடு சரியில்லன்னா பாதியில கையை வச்சுடுவாரு. அக்காவுக்குக் கைதட்டல் ஜாஸ்தி விழுந்தாலும் வச்சுடுவாரு. அக்கா வாயைத் திறந்தபடியே நிக்கும். பாக்கச் சகிக்காது." பஸ் வந்துச்சு. ஏறும்போது சொன்னான், "சனிக்கிழமை மத்தியானம் ஒரு பேக்டரி கேன்டீன்ல ஃபங்ஷன். அதுலயும் பாட்டு நின்னுச்சுன்னா பேண்டைக் கலைச்சுடறேன்னு சொல்லிடுச்சு அக்கா. பாத்துக்க."

கலைச்சுட்டா நான் திரும்ப மூணாம் மெஷின். அவ்வளவுதான். மடியில இருந்த ஆம்ப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

இப்ப ஒரு சின்ன விஷயம் சொல்லணும், இல்லன்னா உங்களுக்கு என் பயம் புரியாது.

என் ரூம்ல ஒயரிங் பழசு. எர்த் சரியில்ல. கிட்டாரை ஆம்ப்ல மாட்டி சுவிட்ச் போட்டா "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் வரும். அப்ப கம்பியைக் கையால தொட்டா, அந்த இரைச்சல் டக்குன்னு அடங்கிடும். கையை எடுத்தா திரும்ப வரும். பேய் வேலை இல்ல, கரண்ட் வேலை. வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். கம்பிக்கு வேண்டியது ஒரு ஆளோட உடம்பு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. தூங்கி எழுந்தேன். ஆம்ப்பைப் போட்டேன், கிட்டாரை ஸ்டாண்டுல சாய்ச்சேன், டீ போடப் போனேன். அடுப்பு ரூமுக்குள்ளயே ஒரு மூலையிலதான், நாலு எட்டு. முதுகுப் பக்கம் இரைச்சல் ஓடிட்டு இருக்கு. ம்ம்ம்ம்.

டீயைக் கிளாஸ்ல ஊத்தினேன்.

இரைச்சல் நின்னுடுச்சு.

கரண்ட் போயிடுச்சோன்னு பாத்தேன். ஆம்ப்ல செவப்பு லைட் எரியுது. ஒயர் மாட்டினபடி இருக்கு. கிட்டார் சாய்ஞ்சபடி இருக்கு. ஜன்னல் வெயில் கிட்டார் மேல நல்லா அடிக்குது, ஒரு தூசி கூடத் தெரியுது.

யாரும் இல்ல.

ஆனா இரைச்சல் இல்ல.

கம்பி மேல ஒரு கை இருக்கு.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. டீ ஆறிப் போச்சு. தைல வாசனை மெதுவா வந்து மூக்குல ஏறுச்சு. நான் ஒரு எட்டு வச்சேன். இரைச்சல் திரும்ப வந்துச்சு. வந்த ஆளைப் பாத்துட்டு கையை எடுத்த மாதிரி.

அன்னைக்கு நான் வாசிக்கல.

புதன்கிழமை ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். முதல் சரணம் நல்லாப் போச்சு. ரெண்டாவதுல, என் வலது கைக்குப் பக்கத்துல ஏதோ ஜில்லுன்னு படர்ந்துச்சு. பேக்கரி ஃப்ரீசர்ல கையை விட்டா இருக்குமே, அந்த மாதிரி. ஹெட்போன்ல "டப்"புன்னு ஒரே ஒரு அடி. உள்ளங்கை விழுந்த சத்தம். அப்புறம் நான் எப்படி இழுத்தாலும் கம்பி பேசல. வால்யூமை ஏத்தினேன். கண்ணு முன்னாலயே திருகு மெதுவாத் திரும்பி, அந்தச் செவப்புப் புள்ளியில வந்து நின்னுச்சு.

ஹெட்போனுக்குள்ள, காதுகிட்ட, ஒரு ஆம்பளைக் குரல்.

"போதும்."

ஹெட்போனைப் பிடுங்கி வீசிட்டு மாடிப்படியில ஓடினேன். செருப்பு கூடப் போடல. தெருவுல ஆளுங்க மார்க்கெட் பையோட போறாங்க, வராங்க. நான் நடு ரோட்டுல வெறுங்காலோட நிக்கிறேன். யாரும் என்ன ஏதுன்னு கேக்கல. கேட்டாலும் எந்த மொழியில சொல்ல?

அங்க நின்னுட்டு இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்துச்சு.

போதும்னு சொல்ல இவரு யாரு? எனக்கே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க என் மூஞ்சியைப் பாத்ததும் கேட்டாங்க, "பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தியா?"

"இல்லக்கா. ஒண்ணு கேக்க வந்தேன். உங்களுக்குத் தெரியும்ல, அவருதான்னு?"

சமையல் ரூம்ல குக்கர் விசில் ரெண்டு அடிச்சுச்சு. மூணாவதும் அடிச்சுச்சு. அவங்க எழுந்து போகல.

"முதல் தடவையே தெரியும்"னாங்க. "அந்தக் கை எப்ப விழும்னு பதினாறு வருஷம் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே பாடியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அவரு என் பேஸைத்தான்கா நிறுத்த முடியும். உங்க வாயை நீங்கதான் மூடுறீங்க."

சொன்னதுக்கப்புறம் எனக்கே பயமா இருந்துச்சு. அக்காவைப் போய் இப்படிப் பேசிட்டமேன்னு.

அவங்க என்னையே பாத்தாங்க. "பேஸ் இல்லாம எப்படிடா தம்பி பாடுறது? காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கும்."

"நான் கம்பியை விடமாட்டேன். சத்தம் வரலன்னாலும் வாசிச்சுட்டே இருப்பேன். நீங்க என் விரலைப் பாத்துப் பாடுங்க."

"அவருக்குப் பிடிக்காது."

"பிடிக்காட்டி எழுந்து போகட்டும்."

அக்கா வாயைப் பொத்திக்கிட்டாங்க. அழுறாங்கன்னு நினைச்சேன். சிரிச்சுட்டு இருந்தாங்க. குக்கர் அஞ்சாவது விசில் அடிச்சுச்சு.

சனிக்கிழமை மத்தியானம். பேக்டரி கேன்டீன். முப்பது வருஷம் வேலை பாத்த ஒரு ஃபோர்மனுக்கு வழியனுப்பு விழா. டியூப் லைட், ஸ்டீல் மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, இருநூறு பேரு. இதுல எங்க பேய் வரும்னு நீங்க கேப்பீங்க.

ஆம்ப்பை என் காலுக்குப் பக்கத்துல வச்சேன். வால்யூம் திருகைப் புள்ளிக்கு ரொம்ப மேல ஏத்தி வச்சு, அது அசையாம ரெண்டு சுத்து கறுப்பு டேப் ஒட்டினேன்.

டமாரம் பாத்தான். "எதுக்குடா பிளாஸ்டர்? காயமா?"

"இனிமே ஆகலாம்."

முதல் பாட்டு போச்சு. ரெண்டாவது போச்சு. கூட்டம் மேசையைத் தட்ட ஆரம்பிச்சுடுச்சு. அக்கா குரல் ஏறிட்டே இருந்துச்சு. மூணாவது பாட்டு, முதல் சரணம் முடிஞ்சதும் பெரிய கைதட்டல்.

தைல வாசனை.

எனக்கு முன்னாடியே அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஓரக்கண்ணு என் கை மேல வந்துச்சு.

ரெண்டாவது சரணம். நாலாவது வரி.

டப்.

பேஸ் செத்துடுச்சு. என் விரலுக்கு மேல அந்த ஜில்லுப்பு விழுந்து அழுத்துது. எலும்பு வரைக்கும். டமாரத்தோட குச்சி அந்தரத்துல நின்னுச்சு. கீபோர்டும் நின்னுச்சு. பழக்கம். இருநூறு பேரும் ஒரே நேரத்துல வாயடைச்ச மாதிரி ஒரு அமைதி.

அக்கா வாய் திறந்தபடி நிக்கிறாங்க.

நான் விடல. மரத்துப் போன விரலால கம்பியை இழுத்தேன். சத்தம் வரல. திரும்ப இழுத்தேன். நகம் பிஞ்சு ரத்தம் கம்பியில வழியுது. "டேய் டமாரம், அடிடா!"ன்னு கத்தினேன்.

அவன் அடிக்கல. பாடினது அக்கா.

தனியா. துணைக்கு ஒண்ணும் இல்லாம. என் விரலைப் பாத்துக்கிட்டே அஞ்சாவது வரியை எடுத்தாங்க. முதல் வார்த்தை நடுங்குச்சு. ரெண்டாவது நடுங்கல. அப்புறம் பார்வையை என் விரல்லேர்ந்து எடுத்து, என் தோளுக்குப் பக்கத்துல, யாருமே இல்லாத இடத்தைப் பாத்துப் பாடினாங்க. அந்தப் புள்ளிக்கு மேல. ரொம்ப மேல. டமாரம் முழிச்சுக்கிட்டு உள்ள வந்தான், கீபோர்டு வந்துச்சு. என் கை மேல அந்த அழுத்தம் கூடுச்சு, இன்னும் கூடுச்சு, கை உடைஞ்சுடும்னு நினைச்சேன்.

கடைசி வரி.

பாட்டை அக்கா முடிச்சாங்க. கையை உயர்த்தி, அவங்களே. பதினெட்டு வருஷத்துல முதல் தடவை.

கூட்டம் எழுந்து நின்னுச்சு. ஜில்லுப்பு விலகுச்சு. நான் இழுத்துட்டு இருந்த கம்பி திடீர்னு பேசுச்சு, ஒரே ஒரு சுரம், கேன்டீன் கண்ணாடியெல்லாம் அதிர்ற மாதிரி. டேப் கிழிஞ்சு கீழ கெடந்துச்சு. திருகு மட்டும் நான் வச்ச இடத்துலயே இருந்துச்சு.

பஸ்ல அக்கா கேட்டாங்க, "பெட்டியை என்ன பண்ணப் போற தம்பி?"

"அடுத்த வாரத்துக்குப் பழகணும்ல அக்கா."

மறுநாள் காலைல ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தேன். கிட்டாரை மாட்டி ஆம்ப்பைப் போட்டேன். இரைச்சல் வந்துச்சு. பல்லு தேய்க்கப் போனேன். பாதியில இரைச்சல் நின்னுச்சு. வாயைக் கொப்புளிச்சு, துண்டுல துடைச்சுட்டு வந்து, "மாமா, கையை எடுங்க. நான் வாசிக்கணும்"னு சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்புறம் இரைச்சல் திரும்ப வந்துச்சு. உட்கார்ந்து வாசிச்சேன்.