ஐந்தாவது வாக்கி டாக்கி

சார்ஜரில் ஐந்து வாக்கி டாக்கிகள் செருகியிருந்தன. ஆட்கள் நான்கு பேர்தான். அதுகூடப் பரவாயில்லை, எந்த அலுவலகத்தில்தான் உபரிச் சாமான் இல்லை? அவளை உறுத்தியது வேறு. காலையில் வந்து பார்த்தால் நான்கில் பச்சை விளக்கு எரியும். யாருமே தொடாத ஐந்தாவதில் மட்டும் சிவப்பு. யாரோ விடிய விடியப் பேசித் தீர்த்ததுபோல சார்ஜ் சுத்தமாக வடிந்திருக்கும்.

அவள் வேலையில் சேர்ந்தது திங்கட்கிழமை. பிள்ளை பிறந்து ஆறு வருடம் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்ப வந்திருந்தாள். வட்டாரத்தின் பதினேழு பள்ளிகளுக்கும் கணினியும் இணையமும் ஓடுவது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்த இந்த ஓர் அறையிலிருந்துதான். "ஏணி ஏறுற வேலைக்கெல்லாம் உடம்புல தெம்பு வேணும், உனக்கு எதுக்கு இது?" என்று கணவன் கேட்டதிலிருந்து ஒரு கை பார்த்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே ஆட்களை அறிமுகம் செய்துவைத்தது பாஸ்வேர்ட் அக்கா. "சாருக்கு மீட்டிங்தான் மூச்சு. நான் டீச்சருங்க மறக்குற பாஸ்வேர்டை மாத்திக் குடுத்தே கிழவியாகப் போறவ. அதோ, ஏணி அண்ணன். ஆளைத் தரையில பாக்குறதே அபூர்வம். நாலாவது நீ. உனக்கு இப்போதைக்கு 'புதுசு'ன்னு பேரு."

ஏணி அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கட்டைவிரலில் வெட்டுப்பட்ட இடத்தில் பிளாஸ்திரிக்குப் பதில் நீல இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார். முப்பது வருடம் வாக்கி டாக்கியில் பேசிப் பேசி, எதிரே உட்கார்ந்திருப்பவரிடமும் 'ஓவர்' சொல்லித்தான் முடிப்பார்.

"சாப்டியா புதுசு, ஓவர்?"

"அண்ணே, நான் எதிர்லதான உக்காந்திருக்கேன்?"

"தெரியும், ஓவர்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. இந்த மனுஷனுக்காகவே இங்கே காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

"அந்த அஞ்சாவது வாக்கி டாக்கி செட்டு யாரோடது?" என்று புதன்கிழமை கேட்டாள். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது.

"முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. கேபிள் பாக்க சீலிங்குக்குள்ள ஏறினாரு. ஏணி அப்படியே நின்னுச்சு, ஆளைக் காணோம். போலீஸ்லாம் வந்து பாத்தாச்சு. அவரு சம்சாரம் இந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதுச்சு."

"அப்போ இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"தூக்கிப் போட்டோம்," என்றாள் அக்கா. "ரெண்டு தடவை."

வியாழக்கிழமை மதியம். விடுமுறைக்காலம் என்பதால் பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. சாரும் அக்காவும் வேறொரு பள்ளிக்குப் போயிருந்தார்கள். ஏணி அண்ணனும் அவளும் மட்டும். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஸ்டோர் ரூம், மறு கோடியில் கணினி அறை. நடுவே அறுபது மீட்டர். சீலிங்குக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நைலான் கயிறு முன்பே போட்டிருந்தது. அண்ணன் ஸ்டோர் ரூம் பக்கம் கயிற்று நுனியில் புதுக் கேபிளைக் கட்டுவார், அவள் கணினி அறையிலிருந்து இழுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"கயித்தை ரெண்டு தடவை சுண்டினா இழு. ஒரு தடவை சுண்டினா நிறுத்து. செட்டு சில நேரம் காலை வாரும், கயிறு வாராது. அப்புறம், கயித்தைக் கையில சுத்திக்காத. சிக்கிச்சுன்னா கையோட போகும். தெம்பு இருக்குல்ல, ஓவர்?"

"வந்து பாருங்க," என்றாள் வீறாப்பாக.

ஏணியில் ஏறி, ஒரு பலகையை நகர்த்திவிட்டு, சீலிங்குக்குள் தலையை நுழைத்தாள். தூசியும் எலிப் புழுக்கையும் வெயிலில் வெந்த பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை மூக்கில் அறைந்தது. எதிரே சுவர், சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அந்த ஓட்டையிலிருந்து கயிறு. அதற்கு அப்பால் அவளுடைய டார்ச் வெளிச்சம் போய்ச் சேராத இருட்டு. கயிறு இரண்டு முறை சுண்டியது. இழுத்தாள்.

முதலில் தொய்ந்து கிடந்த கயிறு வெண்ணெயாக வந்தது. பிறகு கனத்தது. சுவருக்கு அப்பால், தாழ்வாரத்தின் மேலே, கேபிள் போகும் இரும்புத் தட்டில் எதுவோ மூட்டைபோல இழுபட்டு வரும் சத்தம் கேட்டது. கேபிள் சுருளோடு சேர்ந்து வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். உள்ளங்கை எரிந்தது. வியர்வையில் பிடி வழுக்கியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கயிற்றை வலது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். வாகாக இருந்தது. இன்னும் இரண்டு சுற்று.

கயிறு ஒரு முறை சுண்டியது.

நிறுத்தினாள். இடுப்பில் இருந்த செட் கரகரத்தது. "நிறுத்தாத. இழு."

"அண்ணே, கயிறு நிறுத்தச் சொல்லுதே?"

"அது சிக்கல். இழு."

அண்ணனின் குரல்தான். ஆனால் எங்கோ ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. இழுத்தாள். கயிறு ஒரு முறை சுண்டியது. மறுபடி ஒரு முறை. மறுபடி. வலிப்பு வந்ததுபோல ஒன்று ஒன்றாக, விடாமல்.

"தெம்பு இல்லையா?" என்றது செட்.

ரோஷம் தலைக்கேறியது. இடது கையையும் சேர்த்துப் பிடித்து, ஏணியில் கால்களை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தாள். சுவருக்குப் பின்னால் எதுவோ மளுக்கென்று முறிந்தது. இன்னோர் இழுப்பு. மறுபடி மளுக். அதன் பிறகு லேசாக வந்தது.

கயிறு ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக. பலகைமேல் வைத்திருந்த டார்ச்சைத் திருப்பினாள். வெள்ளைக் கயிறு வெள்ளையாக இல்லை. அவளுடைய முழங்கை வரைக்கும் வழிந்து சொட்டியது. இரும்பு வாடை.

அப்போதுதான் பிடிபட்டது, என்ன குறைந்ததென்று.

'ஓவர்' இல்லை. ஒரு தடவைகூட இல்லை. விடிய விடியப் பேசித் தீர்க்கும் அந்த ஐந்தாவது செட் நினைவுக்கு வந்தது.

"அண்ணே?" இடது கையால் செட்டை அழுத்தினாள். "அண்ணே, பேசுங்கண்ணே!"

ஓட்டையில் அசைவு. கயிற்றின் நுனி வந்துவிட்டது. நுனியில் கேபிள் இல்லை. ஒரு மணிக்கட்டில் கயிறு நாலைந்து சுற்று சுற்றி, எலும்பு தெரிய இறுகியிருந்தது. அதற்குக் கீழே விரல்கள். கட்டைவிரலில் நீல டேப்.

அவள் இழுத்து வந்தது அவரைத்தான். அறுபது மீட்டர். அவரால் முடிந்த மட்டும் நிறுத்து நிறுத்து என்று சுண்டிச் சொல்லியிருக்கிறார். கை மட்டும்தான் அந்த ஓட்டையில் நுழையும். தோளை அங்கே முறித்தது அவள்தான். அவளுடைய தெம்புதான்.

சுவருக்குப் பின்னால் மூச்சு. நீர் கொப்பளிப்பதுபோல. செட்டிலிருந்து இல்லை, ஓட்டையிலிருந்து.

"விடு... புதுசு... நீ ஓடிரு... ஓவர்."

"ஐயோ அண்ணே! ஐயோ!" அலறிக்கொண்டே கையை உதறினாள். மூன்று சுற்றும் சதைக்குள் பதிந்திருந்தன. இடது கையால் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. கயிறு வரவில்லை. நீல டேப் விரல் மெல்ல அவள் விரலைத் தொட்டது. பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளியது. போ என்று.

பிறகு அந்தக் கை ஓட்டைக்குள் வெடுக்கென்று போய்விட்டது. உள்ளே எலும்புகள் நொறுங்கும் சத்தம். ஒரே ஒரு கேவல். அடங்கியது.

செட் கரகரத்தது. அண்ணனின் குரல். அதே கிண்டல்.

"இப்போ நான் இழுக்குறேன் புதுசு," என்றது. கொஞ்சம் யோசித்தது. புதிதாகக் கற்றுக்கொண்டதை மறந்துவிடாமல் சேர்த்துக்கொண்டது. "ஓவர்."

கயிறு இரண்டு முறை சுண்டியது.

கை போனது. மணிக்கட்டு. முழங்கை. கன்னம் சுவரில் மோதிப் பல் உடைந்தது. தோளில் ஓட்டை முடிந்தது. இழுப்பு முடியவில்லை.

மளுக்.

கால்கள் ஏணியை விட்டு எழுந்தன. ஒரு செருப்பு கீழே விழுந்தது. சீலிங் பலகைகள் ஒவ்வொன்றாக உடைய, சுவர் பிளக்க, அவளுடைய இடது கண் மட்டும் கடைசியாகக் கீழே பார்த்தது. ஆளில்லாத கணினி அறையில், மதிய வெயிலில், ஏணி அப்படியே நின்றுகொண்டிருந்தது.