அப்பாரு கையில் ஐந்து நாள்

காதுகுத்துக்கு நாள் குறித்த அன்றே நாச்சிமுத்து முடிவு செய்துவிட்டார்: பேத்தியின் கையில் நாடிக்காப்பு இருக்கக் கூடாது.

ஏழு வயது நிலானி ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்தவள். அதிலும் நீர் சரியாக இறங்காமல் பின்னோக்கி ஏறும். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் சத்தமில்லாமல் கூடி இதயச் சுவர் தடித்துப்போகலாம். அதனால் நல நிலையம் அவர்கள் எல்லோருக்கும் நாடிக்காப்பு பூட்டியிருந்தது. அணிந்தவரின் இயல்பைவிட அழுத்தம் கூடினால் காப்பில் சிவப்பு எரியும், இல்லையென்றால் பச்சை. சுவரிலுள்ள மருந்துப்பேழை திறந்து மாத்திரையை நீட்டும். வளரும் உடம்பின் இயல்பு மாறிக்கொண்டே இருக்குமாதலால், ஐந்து நாளுக்கு ஒருமுறை காப்பு அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

தாராபுரத்தில் அந்தக் காப்பைப் பார்த்தாலே எல்லோருக்கும் விஷயம் புரியும்.

"மாமன் மடியில உக்கார வெச்சு வளையல் போடுவாங்க. அத்தன சனமும் அந்தக் கையத்தான் பாக்கும்," என்றார் மருமகள் யாழினியிடம்.

"பாத்துட்டுப் போகட்டுங்க மாமா. ஏழு வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளையா தேடறோம்?"

"இன்னைக்குப் பாக்கறவன் பதினஞ்சு வருசத்துல மறந்துருவானா? நம்ம குடும்பத்துல குறையோட பொறந்தாங்கற பேச்சே கெடயாது. நிலையத்துல கேட்டுட்டேன். அஞ்சு நாள் கழட்டலாமாம்."

உண்மையில் அவர் நிலையத்தில் கேட்கவே இல்லை. காப்பு நாடியில்லாமல் ஒரு மணி நேரம் கிடந்தால் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். அதைவிட மானக்கேடு வேறில்லை. எனவே காப்பைத் தம் கையில் பூட்டி முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். எழுபத்திரண்டு வயது நாடி, ஆனாலும் நாடிதானே. பேழையும் எப்போதும்போல் நிலானிக்கான மாத்திரையைத் தந்தது.

விழா சிறப்பாக நடந்தது. ஆறாம் நாள் காலை, காப்பு பேத்தியின் கைக்குத் திரும்பியது.

"மாமா, பச்ச எரியுதுங்க. பேழையும் தொறக்கல." யாழினி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம ரத்தமாச்சே. கோளாறு எத்தன நாளைக்கு நிக்கும்?" என்றார். மூன்று நாள் அதை அவரும் நம்பினார்.

நான்காம் நாள் மதியம், கூடத்தில் சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிலானி அவர் அருகில் வந்தாள்.

"அப்பாரு, கடிகாரம் ரெண்டாத் தெரியுது."

"தல வலிக்குதா?"

"நேத்துல இருந்து. காப்பு பச்சயாத்தான் இருக்குது, ஒண்ணுமில்லன்னு அம்மா சொல்லுச்சு."

காப்பைத் திருப்பி அழுத்தத்தின் எண்ணைப் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. அதன் கீழே 'வழக்கம்போல்' என்ற எழுத்து. ஐந்து நாளில் காப்பு கற்றுக்கொண்ட அந்த வழக்கம் யாருடையது என்பது அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்கே தெரியும்.

சுவர்த்திரையில் நிலையத்தை அழைத்தார். செவிலி ரெபேக்கா எண்களைப் பார்த்ததும் முகம் மாறினாள். "இது கொழந்தையோட நாடி இல்லீங்களே. நடுவுல யாரு போட்டிருந்தாங்க?"

சம்பந்தி சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"நாந்தான்."

"பேரு சொல்லுங்க ஐயா. பதியணும்."

எந்தச் சபையிலும் சொல்வதுபோலவே தம் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். யாழினி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

இரண்டு நாளில் அழுத்தம் இறங்கியது. இதயச் சுவர் சற்றுத் தடித்திருந்தது. பழையபடி ஆகுமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். நிலானியின் உடல் ஏட்டைப் புதுப்பித்துத் தந்தார்கள். அவள் வளர்ந்ததும் வரன் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த ஏட்டைத்தான். அபாயக் காரணங்கள் என்ற பகுதியில் முன்பு இரண்டு வரிகள் இருந்தன: ஒற்றைச் சிறுநீரகம், நீர் பின்னேற்றம். இப்போது மூன்றாவதாக ஒரு வரி: தாத்தா நாச்சிமுத்து.

அவர் ரெபேக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த மூணாவத எப்பங்க எடுப்பீங்க?"

"அந்தக் காரணம் இல்லாமப் போனதும் ஏடு தானா எடுத்துருமுங்க ஐயா," என்றாள் அவள்.