பரீட்சை முடியட்டும்

"ஞாயித்துக்கெழம வந்தாப் போதும், இவளுக்கு மூச்சு வாங்கிரும். வேலைக்குக் கள்ளம்" என்றாள் சந்திரம்மாள், அடுக்களை வாசலில் நின்று.

மருமகள் உஷாராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்ததில் பேச்சு வரவில்லை.

அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் டெல்லியில் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவப் பேராசிரியர். எம்.டி. படிக்கும் இளம் டாக்டர்கள் பரீட்சைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய லோதி ரோடு வீட்டுக்கு வருவார்கள். இட்லி சாப்பிடுவார்கள். பிறகு உஷாராணி கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பாள். ஒவ்வொருவராக அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவள் இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. அதன் வழியே ரத்தம் போகும்போது எழும் முனகல் சத்தம் புத்தகத்தில் எழுதியபடியே கேட்கும் என்பதில் அவருக்குப் பெருமை.

அவள் சம்மதித்ததற்கும் காரணம் உண்டு. சங்கரன்கோவிலில் தமிழில் படித்துவிட்டு வந்த கணவரை எம்.டி. பரீட்சையில் முதல் தடவை தோற்கடித்தது இதே மாதிரி ஒரு முனகல்தான். அவர் காதுக்கு அது எட்டவில்லை. பரீட்சை நடத்திய பேராசிரியர் எல்லார் எதிரிலும் சிரித்தாராம். "எங்கிட்டப் படிக்கிற பிள்ளைங்களுக்கு அந்த நெலம வரக்கூடாது உஷா" என்று கல்யாணமான புதிதில் அவர் கண் கலங்கியபோது, அவளேதான் சொன்னாள், என் நெஞ்சைக் கேட்கட்டுமே என்று.

"ஸான்ஸ் ரோக்கியே, ஆன்ட்டிஜி" என்று அன்றைக்கு ஒருவன் இந்தியில் சொன்னான். மூச்சை அடக்கினாள். இருமல் வந்தது.

அடுத்து வந்தவள் பூங்கோதை, டெல்லி சரோஜினி நகரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் நெஞ்சை விட்டுவிட்டு முதுகில் வைத்துக் கேட்டாள். கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ஆன்ட்டி, படுத்தா மூச்சு முட்டுதா?"

"ஆமாம்மா... உக்காந்துதான் தூங்குறேன்."

பூங்கோதை எழுந்தாள். "சார், இவங்களுக்கு எப்பவோ பலூன் வெச்சு வால்வை விரிச்சிருக்கணும். ஏன் பண்ணலை?"

"பண்ணணும்... இந்த பேட்ச் பரீட்சை முடியட்டும்னு பார்த்தேன்." வகுப்பில் பேசும் அதே குரல். "பலூன் வெச்சா சத்தம் கொறஞ்சிடும். இவ்வளவு தெளிவான கேஸ் இப்ப எங்க கெடைக்குது?"

கட்டில், விரிப்பு, இத்தனை வருஷமாகத் தன்மேல் பட்ட அத்தனை விரல்கள்... எல்லாமே உஷாராணிக்கு அருவருப்பாக இருந்தன. புடவையை இழுத்துப் போர்த்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. மாத்திரையிலயே சரியாயிடும்னீங்க. உங்கம்மா என்னை நடிக்கிறான்னு சொன்னப்பக்கூட வாயத் தொறக்கல."

"உஷா, பசங்க முன்னாடி..."

"பசங்க முன்னாடிதான் ரவிக்கையத் தளர்த்திப் படுக்கச் சொன்னீங்க."

நாடி பார்க்க நீண்ட அவர் கையை அவள் தட்டிவிட்டாள்.

சந்திரம்மாள் உள்ளே வந்தாள். "ஏலே, நெசமாவே நோவா? தெரிஞ்சேவா வெச்சிருந்த? ச்சீ... உன்னயப் பாக்கவே கூசுது." மருமகளின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நானும் கண்ட பேச்சும் பேசிட்டேனேட்டி..."

"விடுங்க அத்தை... உங்ககிட்டதான் யாரும் சொல்லவே இல்லையே." இருவரும் அழுதார்கள்.

"ஆன்ட்டி, நம்ம ஹாஸ்பிடலுக்கே போயிடலாமா?" என்றாள் பூங்கோதை.

"அது வேண்டாம்மா. அங்க இருக்கிறவங்க எல்லாரும் என் நெஞ்சைக் கேட்டவங்க. வேற எடம் பாரு."

பூங்கோதை ஆட்டோ பிடிக்க இறங்கினாள். மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு உஷாராணி படியிறங்கத் தொடங்கினாள். "நானும் வர்றேன்" என்று ஜெயகிருஷ்ணன் வாசலுக்கு வந்தார்.

அவள் நின்றாள். மூச்சு சமனாகும்வரை காத்திருந்து பேசினாள்.

"இப்ப வேண்டாம். பலூன் வெச்சு அந்தச் சத்தம் போனதுக்கப்புறம் வாங்க. அப்பவும் என்னைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா."

சந்திரம்மாள் அடுத்த படியில் காலை வைத்து, மருமகளுக்காக நின்றாள்.